மின்சாரம் போனால் மீன் தொட்டியில் என்ன பார்க்க வேண்டும்? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

எங்கள் தொடர்மாடியில் மின்சாரம் போனால் முதலில் மின்தூக்கிக்குள் இருந்து யாராவது தட்டும் சத்தம் கேட்கும். அடுத்து என் வீட்டுக் கதவு தட்டப்படும். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டிய ஆறு மாடிக் கட்டடம் இது. என்னுடையதையும் சேர்த்து ஒன்பது வீடுகளில் மீன் தொட்டி இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்களிலும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்ற ஞாயிற்றுக்கிழமையிலும் இந்தப் படிகளில் ஏறி இறங்கியே கால் ஓய்ந்தது. எல்லா வீட்டிலும் கேள்வி ஒன்றுதான், செய்யும் தவறும் ஒன்றுதான். அதனால் எழுதி வைத்தேன்.

உங்கள் தொட்டியில் தெரியும் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேரே போங்கள். முழுவதையும் இருட்டில் நின்று வாசித்துக் கைத்தொலைபேசியின் பற்றரியைத் தீர்த்துவிடாதீர்கள்.

## மின்சாரம் இப்போதுதான் போனது. மீன்கள் வழக்கம்போல் இருக்கின்றன

முதலில் ஜன்னலால் எட்டிப் பாருங்கள். பக்கத்து வீடுகளில் வெளிச்சம் இருந்து உங்கள் வீடு மட்டும் இருண்டிருந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் மின்பலகையில்தான். கடைசித் தலைப்புக்குப் போங்கள். ஊரே இருண்டிருந்தால் முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழையுங்கள். அதற்கு முன் மின் பட்டியலை எடுத்து, உங்களுக்கு மின்சாரம் தரும் நிறுவனம் எது என்று பாருங்கள். இடத்துக்கு இடம் அது மாறும். வெள்ளவத்தையில் இருந்து நுகேகொடைக்குக் குடிபோனவர்கள் பழைய பழக்கத்தில் தவறான இடத்துக்கு அழைத்து அரைமணி நேரம் வீணாக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு நான்கு வேலைகள். மின்சாரம் போன நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தொட்டியில் ஒட்டுங்கள். பில்டர், ஹீட்டர், விளக்கு எல்லாவற்றையும் பிளக்கில் இருந்து கழற்றுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, துள்ளும் மீன் இருந்தால் நுளம்பு வலைத் துண்டு ஒன்றை மேலே கட்டுங்கள். உணவு போடாதீர்கள். நலமாக இருக்கும் வளர்ந்த மீன் சில நாள் பட்டினி கிடந்தாலும் சாகாது. போட்ட உணவோ அழுகி, தண்ணீரில் மிச்சம் இருக்கும் ஒட்சிசனையும் குடித்துவிடும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. அது தொட்டியின் அளவைவிட, உள்ளே எத்தனை வாய்கள் என்பதைப் பொறுத்தது. 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 50 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அதில் பத்து கப்பி மீன்கள் என்றால் இரவு முழுவதும் கவலையின்றித் தூங்கலாம். அதே தொட்டியில் உள்ளங்கை அளவு தங்கமீன்கள் நான்கு என்றால், இரண்டு மணி நேரத்தில் அடுத்த தலைப்பைத் தேடி வருவீர்கள்.

## மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடுகின்றன

என்னை எழுப்பும் அழைப்புகளில் பெரும்பாலானவை இதுதான். ஓடுவதற்கு முன், எந்த மீன் என்று பாருங்கள். ஃபைட்டரும் குராமியும் இயல்பாகவே வெளிக்காற்றைக் குடிப்பவை. கொரிடோரஸும் கண்ணாடியில் ஒட்டும் சக்கர் மீனும் இடையிடையே மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றுடன் கீழே போகும். இவை மட்டும் மேலே வந்தால் பதற வேண்டாம். ஏஞ்சல், தங்கமீன், டெட்ரா, பார்ப் எல்லாம் வரிசையாக மேலே நின்றால்தான் காற்றுப் பஞ்சம். இறால் வளர்ப்பவர்களுக்கு இன்னும் முன்பே தெரிந்துவிடும். இறால்கள் செடிகளின் நுனிக்கும் பில்டர் குழாயின் மேற்பகுதிக்கும் ஏறி நிற்கும்.

அடுத்து, தொட்டிக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். மீன்கள் சட்டென்று விலகிக் கீழே ஓடினால் நேரம் இருக்கிறது. கை வந்தும் அசையாமல் நின்றால் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஜக்கை எடுங்கள்.

ஜக்கு வேலை. தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழ உயரத்தில் இருந்து மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். பத்து நிமிடம் தொடர்ந்து ஊற்றினால் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவதைக் காணலாம். பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் போதும். அடிமணலைக் கிளறும்படி ஊற்றாதீர்கள். கிளம்பும் அழுக்கு நிலைமையை மோசமாக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலைக்கு முறை போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

மீன்கள் இறங்கின, ஆனால் விரைவிலேயே மீண்டும் ஏறுகின்றன என்றால் காரணத்தைத் தேட வேண்டும். செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள்.

*மூடியா, போர்வையா?* நான்காம் மாடி மாமியின் தொட்டியை ஓர் ஏப்ரல் மின்வெட்டில் பார்த்தபோது, இரண்டு கம்பளிப் போர்வைகளால் சுற்றி, கண்ணாடி மூடிக்கு மேல் தலையணை வைத்திருந்தார். "மகன் ரொறன்ரோவில் இருந்து அழைத்துச் சொன்னான், தம்பி. குளிர் பிடிக்காமல் மூடச் சொன்னான்" என்றார். ரொறன்ரோவில் மின்சாரம் போனால் அது சரியான அறிவுரை. இங்கே ஏப்ரல் மாதத்தில், தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே 30 பாகையில் நிற்கிறது. போர்வையை உருவி, மூடியை எடுத்தோம். மகனுக்கு நானே அழைத்துச் சொன்னேன், மாமி சங்கடப்படுவார் என்று.

*மேற்பரப்பில் எண்ணெய்ப் படலமா?* டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வானவில் நிறத்தில் தெரியும். சமையலறைக்கு அருகே உள்ள தொட்டிகளில் இது சாதாரணம். பம்ப் ஓடும்வரை தண்ணீர் கலங்கிக்கொண்டிருப்பதால் கண்ணில் படாது. நின்றதும் ஆடைபோல் படிந்து காற்றை உள்ளே விடாது. வெள்ளை டிஷ்யூத் தாளை மேற்பரப்பில் விரித்து மெதுவாக இழுத்து எடுங்கள். இரண்டு மூன்று தாளில் போய்விடும்.

*செடித் தொட்டியா?* விளக்கு அணைந்தால் செடிகளும் ஒட்சிசனை எடுக்கத் தொடங்கும். இரவு மின்வெட்டில் அடர்ந்த செடித் தொட்டிதான் முதலில் திணறும். அதைவிட ஆபத்து, காபனீரொட்சைட்டு உருளை பூட்டியவர்களுக்கு. மின்வால்வு உள்ள உருளை மின்சாரம் போனதும் தானே மூடிக்கொள்ளும். கையால் திருகும் வால்வு மட்டும் உள்ளதென்றால், நீங்கள் மெழுகுதிரி தேடிக்கொண்டிருக்கும்போதும் வாயு போய்க்கொண்டே இருக்கும். முதல் வேலையாக அதை மூடுங்கள்.

*மீன் அதிகமா?* எல்லாம் சரியாக இருந்தும் திணறினால் இதுதான். அன்றிரவு தீர்வு, மீன்களைப் பிரிப்பது. அகலமான பேசினில் தொட்டித் தண்ணீரை விட்டு, பெரிய மீன்கள் இரண்டை மாற்றுங்கள். பேசினுக்கும் வலை கட்டுங்கள்.

எப்போது மீன் கடைக்காரரை அழைப்பது? மின்தடை எட்டு மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்து, ஜக்கு வேலைக்கு ஆளும் இல்லாவிட்டால். மீன் கடைகளில் ஒட்சிசன் உருளை இருக்கும். பொலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மிச்சம் ஒட்சிசனுமாக அடைத்துக் கட்டினால், விமானத்தில் ஏற்றுமதி செய்யும் மீனைப் போலவே உங்கள் மீனும் இரவைக் கடக்கும். வழக்கமாக வாங்கும் கடை என்றால், ஜெனரேற்றர் ஓடும் அவர்களின் தொட்டியிலேயே ஓரிரு நாள் வைத்துத் தருவார்கள்.

## பவர் பேங்கில் போட்ட எயார் பம்ப் சிறிது நேரத்தில் தானே நின்றுவிடுகிறது

யுஎஸ்பி எயார் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் ஜக்கே வேண்டாம். ஆனால் பலர் புதிதாக வாங்கிப் பூட்டிவிட்டுத் தூங்கி, காலையில் நின்ற பம்பைப் பார்த்து விற்றவரைத் திட்டுகிறார்கள். பம்ப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்கில் இருப்பது 37 வாட்-மணி. மாற்றும்போது வீணாவது போகக் கைக்கு வருவது 25 வாட்-மணி அளவு. ஒன்றரை வாட் பம்ப் அதில் 16 மணி நேரம் ஓட வேண்டும். ஓடாததற்குக் காரணம், பம்ப் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பது. கைத்தொலைபேசி நிரம்பிவிட்டது என்று எண்ணி பவர் பேங்க் தன்னை அணைத்துக்கொள்கிறது. பவர் பேங்கில் இரண்டாவது துளை இருந்தால், சிறிய யுஎஸ்பி விளக்கு ஒன்றையும் பூட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். சிறு கருவிகளுக்கான குறைந்த மின்னோட்ட முறை சில பவர் பேங்குகளில் உண்டு. பொத்தானை இருமுறை அழுத்தினால் வரும். இரண்டும் சரிவராவிட்டால் டோர்ச் பற்றரியில் ஓடும் பம்புக்கு மாறுங்கள்.

கணினியின் யுபிஎஸ்ஸில் பூட்டினால்? சிறிய யுபிஎஸ்ஸுக்குள் வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. அதில் பெரும்பங்கை யுபிஎஸ் தானே தின்றுவிடும். நான்கு வாட் எயார் பம்ப் மூன்று மணி நேரம் ஓடினால் மகிழ்ச்சி. விலை குறைந்த யுபிஎஸ்ஸிலும் இன்வேர்ட்டரிலும் பம்ப் வழக்கத்தைவிட அதிகமாக உறுமிச் சூடாகும். தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் கழற்றிவிடுங்கள். ஹீட்டரை எந்த நிலையிலும் அதில் பூட்டாதீர்கள்.

ஜெனரேற்றர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பல்கனியிலோ மூடிய கராஜிலோ அதை ஓட்டக்கூடாது. அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மீனைக் காக்கப் போய் வீட்டில் உள்ளவர்கள் உயிரை விட வேண்டாம்.

## தொட்டிக்குக் கீழே தரை நனைந்திருக்கிறது

தொட்டி வெடித்துவிட்டது என்று அலறுவதற்கு முன் எயார் பம்பைப் பாருங்கள். அது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, அலுமாரித் தட்டில் இருந்தால், பம்ப் நின்றதும் தண்ணீர் அதே சிறு குழாய் வழியாகப் பின்னோக்கி வழியும். உடனே குழாயைத் தண்ணீரில் இருந்து எடுங்கள். பம்புக்குள் தண்ணீர் போயிருந்தால் அதை மீண்டும் பிளக்கில் செருகக்கூடாது.

இதற்கான மருந்து, குழாயின் நடுவில் பூட்டும் ஒருவழி வால்வு. மீன் கடையில் இருப்பதிலேயே மலிவான பொருட்களில் ஒன்று. பூட்டும் முன் வாயால் ஊதிப் பாருங்கள். காற்றுப் போகும் பக்கம் தொட்டியை நோக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் இரண்டு வீடுகளில் தலைகீழாகப் பூட்டிவிட்டு, குமிழி வரவில்லை என்று பம்பை மாற்றியிருந்தார்கள். வாங்கவே விருப்பமில்லாவிட்டால் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிடுங்கள்.

அடியில் கீழ்த்தாங்கி, அதாவது தண்ணீர் இறங்கிச் சுத்தமாகி மேலே போகும் இரண்டாவது தொட்டி, வைத்த பெரிய தொட்டிகளில் கதை வேறு. மேலே தண்ணீர் அனுப்பும் குழாயின் வாய் ஆழமாக மூழ்கியிருந்தால், பம்ப் நின்றதும் அந்த ஆழம் வரை தண்ணீர் இறங்கி வந்து கீழ்த்தாங்கி நிரம்பி வழியும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் சிறு துளை ஒன்று இருக்க வேண்டும். மட்டம் இறங்கியதும் அது காற்றை உறிஞ்சி வழிவதை நிறுத்தும். துளையில் பாசி அடைத்திருக்கிறதா என்று பல்துலக்கும் தூரிகையால் துடையுங்கள். துளையே இல்லாவிட்டால், குழாயை அமைத்துத் தந்தவரை அழைக்க வேண்டிய இடம் இது.

## தண்ணீர் சூடாகிறது

வெப்பமானியில் 31, 32 என்று ஏறும்போது இரண்டு பக்கமும் அடி விழும். 25 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 8.2 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் 7.5தான். மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். பகலில் குளிரூட்டி ஓடும் அறையில் உள்ள தொட்டியும், தொட்டிக்கு மின்விசிறி வைத்தவர்களின் தொட்டியும்தான் விரைவில் ஏறும். செர்ரி பார்ப், கறுப்பு ரூபி பார்ப் போன்ற நம் நாட்டு மீன்கள் தென்மேற்கு ஈரவலயக் காட்டோடைகளின் நிழலில் வாழ்ந்தவை. இவற்றை முதலில் கவனியுங்கள்.

ஜன்னலைத் திறந்து, வெயில் விழும் பக்கத்துத் திரையை மட்டும் இழுத்து விடுங்கள். உறைந்த தண்ணீர்ப் போத்தலை மூடி கழற்றாமல் மிதக்க விடலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பாகைக்கு மேல் இறக்காதீர்கள். மின்சாரம் போன பிறகு போத்தலை உறைய வைக்க முடியாது என்பதால், இரண்டு போத்தல்கள் எப்போதும் உறைபெட்டியில் கிடக்கட்டும். பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டியில் கொட்ட வேண்டாம். அது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர்.

## மின்சாரம் வந்துவிட்டது, இனி என்ன?

2022 இல் எனக்கு ஏழு ஏஞ்சல் மீன்கள் செத்தன. ஒன்றுகூட இருட்டில் சாகவில்லை. எல்லாம் விளக்கு வந்து அரைமணி நேரத்துக்குள் செத்தவை.

கொலைகாரன் என் கனிஸ்டர் பில்டர். அது மூடிய வாளி. ஓடும்வரை அதற்குள் வாழும் பற்றீரியாக்கள் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும். தண்ணீர் நின்றால் வாளிக்குள் ஒட்சிசன் தீர்ந்து அவை சாகத் தொடங்கும், அழுக்கு அழுகும். மின்சாரம் வந்ததும் அந்த நஞ்சு முழுவதும் ஒரே தள்ளாகத் தொட்டிக்குள் வந்து விழும். மறுநாள் மூடியைக் கழற்றியபோது கூழ்முட்டை நாற்றம் வரவேற்பறை முழுவதும் பரவியது. ஸ்பொஞ்சைப் பிழிந்தால் மைபோலக் கறுப்புத் தண்ணீர்.

ஆகவே, நீங்கள் ஒட்டிய காகிதத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், கனிஸ்டரைத் திறக்காமல் ஓட்டாதீர்கள். உள்ளே உள்ள தண்ணீரைக் கழிவறையில் கொட்டுங்கள். ஸ்பொஞ்சையும் பீங்கான் துண்டுகளையும் வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் மெதுவாக அலசிவிட்டுப் பூட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் மிச்சம் இருக்கும் பற்றீரியாவையும் குளோரின் முடித்துவிடும். தொட்டிக்குள்ளேயே இருக்கும் ஸ்பொஞ்ச் பில்டருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. அடுத்த மின்தடைக் காலம் வருமுன் ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்றால் என் தெரிவு அதுதான்.

எதையும் மின்சாரம் வந்த நொடியில் செருகாதீர்கள். வந்து, போய், மீண்டும் வருவது நம் ஊர் வழக்கம். பத்து நிமிடம் பொறுங்கள்.

பில்டர் ஓடவில்லை, அல்லது கரகரக்கிறது. விளிம்பில் தொங்கும் பில்டர் என்றால் பெட்டிக்குள் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு கோப்பை தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டுச் செருகுங்கள். வறண்டு ஓடினால் மோட்டார் கருகும். நிரப்பியும் உறுமினால், பிளக்கைக் கழற்றி, சுழலும் சிறு சக்கரத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். மணல் துணிக்கையோ நத்தை ஓடோ சிக்கியிருக்கும். சக்கரத்தின் தண்டு உடைந்திருந்தால் சக்கரம் மட்டும் வாங்கலாம். சக்கரம் நன்றாக இருந்தும் மோட்டார் அசையாவிட்டால் புதிய பில்டர்தான்.

மறுநாள் மீன்கள் சோர்ந்து, தண்ணீர் பால்போல் மங்கலாக இருக்கிறது. பில்டரின் பற்றீரியா குறைந்து அமோனியா ஏறியிருக்கலாம். சோதனைத் திரவம் இருந்தால் அளந்து பாருங்கள். அமோனியாவோ நைட்ரைட்டோ பூச்சியமாக இல்லாவிட்டால் நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். தொடர்ந்து மூன்று நான்கு நாள் இப்படியே செய்யுங்கள். உணவு பாதி. தொடர்மாடிகளில் மின்சாரம் இல்லாதபோது மேல் தாங்கிக்கும் தண்ணீர் ஏறாது. வந்ததும் குழாயில் முதலில் வரும் மங்கல் தண்ணீரை ஓடவிட்டு, தெளிந்த பிறகு பிடித்து, அன்டி குளோரின் விட்டுப் பயன்படுத்துங்கள். மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம், இது நோய் இல்லை. ஒரு வாரம் மாற்றியும் அமோனியா இறங்காவிட்டால், ஒரு போத்தல் தண்ணீருடன் அனுபவமுள்ள கடைக்காரரிடம் போங்கள்.

## கடல்நீர்த் தொட்டி

மேலே சொன்ன பொறுமை இதற்குக் கிடையாது. உப்புத் தண்ணீரில் ஒட்சிசன் இன்னும் குறைவாகவே கரையும், பவளங்களுக்கு நீரோட்டமும் வேண்டும். பற்றரியில் தானே ஓடத் தொடங்கும் அலைப் பம்ப் இல்லாமல் கொழும்பில் கடல்நீர்த் தொட்டி வைப்பது சூதாட்டம் என்பது என் கருத்து. அதை வாங்கும்வரை பற்றரியில் எயார் பம்ப் ஓடட்டும். உப்பு தெறிக்கும், துடைத்துக்கொள்ளலாம்.

## ட்ரிப் சுவிச் விழுகிறது, அல்லது தண்ணீரில் கை வைத்தால் சுரீரென்கிறது

சுரீரென்றால் கையை எடுத்து, முதன்மைச் சுவிச்சை அணைத்துவிட்டுத்தான் அடுத்த வரியை வாசிக்க வேண்டும்.

தொட்டிச் சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ட்ரிப்பை மேலே தள்ளுங்கள். நின்றால், கைகளைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் ஹீட்டராக இருக்கும். தண்ணீர் குறைந்தபோது வெளியே தெரிந்த கண்ணாடி சூடாகி, வெடித்து, உள்ளே நீர் புகுந்திருக்கும். கொழும்பு வெப்பத்தில் பெரும்பாலான தொட்டிகளுக்கு ஹீட்டரே தேவையில்லை. தூக்கிப் போடுங்கள். அடுத்ததாக மல்டி பிளக்கைப் பாருங்கள். வயர் வழியாக வழியும் துளி நேரே அதற்குள் இறங்காதபடி, வயர் முதலில் கீழே தொங்கி வளைந்து பிறகு பிளக்குக்கு ஏற வேண்டும்.

எல்லாவற்றையும் கழற்றியும் ட்ரிப் நிற்கவில்லை என்றால், அல்லது சுரீரென்றும் ட்ரிப் விழவே இல்லை என்றால், எலக்ட்ரீஷியன் வர வேண்டும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டிய சுவிச் பழுதாகியிருக்கும், அல்லது பழைய வீடு என்பதால் பூட்டப்படாமலே இருக்கும். வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வெள்ளம் வீட்டுக்குள் ஏறி இறங்கியிருந்தால், ட்ரிப் நின்றாலும் அவர் பார்த்துச் சொல்லும்வரை தொட்டியின் பிளக்கைத் தொடாதீர்கள். அவர் வரும்வரை மீன்களுக்கு ஜக்கு போதும்.